டேஷ்போர்டு ஸ்பீக்கரை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காருடன் வரும் ஸ்பீக்கர்களில் பலரும் கதவில் உள்ளவற்றைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் இரு மூலைகளிலும் சிறிய கிரில்லுக்குள் இருக்கும் ஸ்பீக்கர்களைப் பற்றிக் கேள்விகள் பிறகே எழுகின்றன. நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் மாற்றிக் கொடுத்த அனுபவத்தில், திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன.

டேஷ்போர்டு ஸ்பீக்கர் என்று எதைச் சொல்கிறோம்? எல்லா வண்டியிலும் அது இருக்கிறதா?

எல்லா வண்டியிலும் இல்லை. பழைய சிறிய கார்கள் சிலவற்றில் முன்பக்க ஒலி முழுவதும் டேஷ்போர்டிலிருந்தே வந்தது. கதவில் ஸ்பீக்கரே கிடையாது. 1997 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்ற ஜீப் ராங்ளர் டிஜே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கதவையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டக்கூடிய வண்டி என்பதால் அதன் முன் ஸ்பீக்கர்கள் 4-க்கு 6 அங்குல நீள்வட்ட வடிவில் டேஷ்போர்டில் பொருத்தப்பட்டிருந்தன. இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் கதவில் ஒரு பெரிய ஸ்பீக்கரும், டேஷ்போர்டின் மூலையிலோ முன்கண்ணாடித் தூணிலோ பக்கக் கண்ணாடிக்கு உட்புறமுள்ள முக்கோணத்திலோ உச்ச ஒலிகளுக்கு மட்டுமான ட்வீட்டர் என்ற சிறிய ஸ்பீக்கரும் சேர்ந்து வேலை செய்கின்றன. சில வண்டிகளில் அந்த மூலையில் இருப்பது ட்வீட்டர் அல்ல. இரண்டே முக்கால் அல்லது மூன்றரை அங்குல முழு ஸ்பீக்கர். அடிப்படை மாடலில் கிரில் மட்டும் இருந்து, அதற்குள் ஒன்றுமே இல்லாத வண்டிகளும் உண்டு. எனவே கடைக்குப் போவதற்கு முன் கிரில்லைத் தூக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாற்றினால் வேறுபாடு உண்மையிலேயே தெரியுமா?

தெரியும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வேறுபாடாக அது இல்லாமல் போகலாம். டேஷ்போர்டு ஸ்பீக்கர் சிறியது. அதன் பின்னால் ஒழுங்கான பெட்டி கிடையாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது தாழ்ந்த ஒலிகளில், அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மிருதங்கத்தை எடுத்துக்கொண்டால், தொப்பியின் ‘தொம்’ கதவு ஸ்பீக்கரின் பொறுப்பு. வலந்தலையின் ‘நம்’மும் அதன் கணீரென்ற ஓசையும் டேஷ்போர்டு ஸ்பீக்கரின் பொறுப்பு. பாடகரின் சொற்கள் முழங்காலுக்குக் கீழேயிருந்து வராமல் கண்ணெதிரே நின்று பாடுவதுபோல் கேட்க வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், காரில் செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் கிடைக்கும் மாற்றங்களில் இது ஒன்று. வண்டி அதிர வேண்டும் என்பதே விருப்பம் என்றால் இந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

கம்பெனி ஸ்பீக்கரில் அப்படி என்ன குறை?

பெரும்பாலும் காகிதக் கூம்பு, மெல்லிய உலோகச் சட்டம் அல்லது பிளாஸ்டிக் சட்டம், சிறிய காந்தம். விலையைக் குறைத்துச் செய்யப்பட்டது என்பதற்காக அதைக் குப்பை என்று சொல்லிவிட முடியாது. அந்த வண்டிக்கென்றே அளந்து, அந்தச் செட்டின் (பாட்டு ஒலிக்கும் மியூசிக் சிஸ்டத்தின்) ஒலிக்கு ஒத்துப்போகுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும் அது இருக்கலாம். உண்மையான எதிரி வயதும் வெயிலும்தான். மே மாத மதியத்தில் நிழலில்லாத இடத்தில் நின்ற காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தொடுவது வியப்புக்குரியதல்ல. கிரில் அந்தச் சூட்டை நேராக உள்ளே விடுகிறது.

ஏழு ஆண்டுகள் ஓடிய என் ஹேட்ச்பேக்கில் இடப்பக்கக் கிரில்லை முதன்முதலாகத் திறந்தபோது, கூம்பின் ஓரத்தில் இருந்த நுரை வளையம் விரல் பட்டவுடன் அப்பளம்போல் உதிர்ந்தது. அதைவிட வேடிக்கை, கூம்பின் குழிவில் தேங்கியிருந்தவைதான்: ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தூவிய விபூதி, குங்குமம், காய்ந்து சுருண்ட மல்லிகை இதழ்கள், ஊதுபத்திச் சாம்பல். கிரில்லின் மேல் இரட்டை டேப்பில் ஒட்டி வைத்திருந்த சிறிய பிள்ளையாருக்குச் செய்த அத்தனை உபசாரமும் கீழே இருந்த ஸ்பீக்கருக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. பல ஆண்டுகளாகக் கேட்ட கரகரப்புக்குச் செட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சிலையைக் கிரில்லின் மேல் வைக்காமல் நடுவில் வையுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

என் வண்டிக்கு எந்த அளவு பொருந்தும்?

மூன்று அளவுகளைப் பார்க்க வேண்டும். முதலாவது குறுக்களவு. மூன்றரை அங்குலம் என்றால் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். ஆனால் அது பெயரளவுதான், திருகுத் துளைகளுக்கு இடையிலான தொலைவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டாவது ஆழம். டேஷ்போர்டில் பலரும் தவறவிடுவது இதைத்தான். ஸ்பீக்கருக்குக் கீழே ஏசிக் காற்றுக் குழாயோ முன்கண்ணாடிப் பனி நீக்கும் குழாயோ போகும். காந்தம் பெரிதாக இருந்தால் அதில் இடிக்கும். ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை உள்ளே விட்டு, தட்டும் இடத்தில் குறி போட்டுக்கொண்டு அளப்பதே எளிய வழி. மூன்றாவது, மேலே கிரில்லுக்கும் கூம்புக்கும் இடையிலான இடைவெளி. கோஆக்சியல் ஸ்பீக்கரில் நடுவே ஒரு ட்வீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். அது கிரில்லைத் தொட்டால் சில அலைவரிசைகளில் கிர்ரென்ற ஓசை எழும்.

இணையத்தில் வண்டிப் பெயரைக் கொடுத்தால் அளவைச் சொல்லும் பட்டியல்கள் இருக்கின்றன. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டும், வேரியண்டுக்கு வேரியண்டும் அளவு மாறுவதால் அவற்றை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் கழற்றி அளப்பதே உறுதியானது.

ட்வீட்டர் போடலாமா, கோஆக்சியல் போடலாமா?

ஏற்கெனவே என்ன இருந்ததோ அந்த வகையையே போடுங்கள். மூன்றரை அங்குல முழு ஸ்பீக்கர் இருந்த இடத்தில் ட்வீட்டரை மட்டும் வைத்தால் குரலின் நடுப்பகுதி காணாமல் போகும். அந்தப் பகுதியை நிரப்ப வேண்டிய கதவு ஸ்பீக்கரோ உங்கள் கெண்டைக்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாறாக, ஓர் அங்குல ட்வீட்டருக்கு வார்த்த இடத்தைக் குடைந்து பெரிய ஸ்பீக்கரைத் திணிப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. டேஷ்போர்டை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான்.

மூன்றரை அங்குலத்தில் நடுவே ட்வீட்டர் இல்லாத ஒற்றைக் கூம்பு ஸ்பீக்கர்களும் கிடைக்கின்றன. கண்ணாடியை நோக்கி ஒலிக்கும் இடத்தில் அவை சில நேரங்களில் கோஆக்சியலைவிட இதமாகக் கேட்கின்றன. இது என் காதின் தீர்ப்பு. உங்கள் காது வேறாகச் சொல்லலாம்.

எத்தனை வாட் ஸ்பீக்கர் வாங்க வேண்டும்?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் வாங்கியவர்களுக்குப் ‘பிஎம்பிஓ’ என்ற சொல் நினைவிருக்கும். கைக்கடக்கமான செட்டுக்கு ஆயிரம் வாட் என்று ஒட்டியிருப்பார்கள். இன்று அந்த இடத்தில் ‘பீக்’ என்றும் ‘மேக்ஸ்’ என்றும் போடுகிறார்கள். ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிட்டிருக்கும் எண், அதாவது தொடர்ந்து தாங்கக்கூடிய வாட், ஒன்றே கணக்கில் கொள்ளத்தக்கது.

எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். அதை வைத்துக்கொண்டு, தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இல்லாத ஒரு செட் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெளிவாகத் தரக்கூடியது ஒரு சேனலுக்குச் சுமார் 20 வாட்தான். ‘50 வாட் நான்கு’ என்று செட்டின் மேல் எழுதியிருந்தாலும் இயற்பியல் மாறுவதில்லை. ஆகவே 25 அல்லது 30 வாட் ஆர்.எம்.எஸ். தாங்கும் சிறிய ஸ்பீக்கரே போதும்.

வாட்டைவிட முக்கியமானது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி வரும் என்பதை அது சொல்கிறது. 86 டெசிபெல் ஸ்பீக்கரை 89 டெசிபெல் ஸ்பீக்கரின் அளவுக்கு ஒலிக்கவைக்க இருமடங்கு வாட் வேண்டும். கம்பெனி செட்டோடு பயன்படுத்துவதாக இருந்தால் 89, 90-க்குக் குறையாமல் பாருங்கள். ஆனால் கதவு ஸ்பீக்கரைவிட இது நான்கைந்து டெசிபெல் கூடுதலாக இருந்தால் குரல் மெலிந்து, சலங்கையும் ஜாலராவும் மட்டும் முன்னால் வந்து நிற்கும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதே சிறப்பு.

பழைய ஸ்பீக்கரின் பின்னால் 2 ஓம் என்று எழுதியிருக்கிறது. கடையில் எல்லாம் 4 ஓம்தான் கிடைக்கிறது. போடலாமா?

போடலாம், தீங்கு வராது, ஆனால் ஒலி சற்றுக் குறையும். 2 ஓம் ஸ்பீக்கரைப் பிராண்டட் சிஸ்டம் பொருத்திய வண்டிகளில் அதிகம் பார்க்கலாம். அங்கே தனி ஆம்ப் இருக்கும். அது குறைந்த ஓமுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. கார் நிறுவனமும் ஒலி நிறுவனமும் சேர்ந்து வண்டிக்கென்றே சிஸ்டம் செய்யும் வழக்கம் 1983 மாடல் கேடிலாக் செவில் முதலான ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் போஸ் வந்தபோதே பரவத் தொடங்கிவிட்டது. அத்தகைய வண்டியில் ஒரே ஒரு ஜோடியை மட்டும் மாற்றினால் மற்ற ஸ்பீக்கர்களோடு இருந்த பொருத்தம் கெடும் என்பதால், அவை பழுதாகாதவரை தொடாமல் விடுவதே என் கருத்து. தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து: 4 ஓமுக்கான செட்டில் 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் செட் சூடேறும், சத்தம் விட்டு விட்டு வரும், கடைசியில் அதனுள் இருக்கும் ஐசி (சில்லு) போய்விடும்.

மல்டிமீட்டரில் அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.7 வரை காட்டும். அது பழுது அல்ல. மீட்டர் அளப்பது நேர்மின் தடையை மட்டும்தான்.

கெப்பாசிட்டர் ஒன்று ஒட்டியிருந்தது. அது எதற்கு? புதிதுக்கும் வேண்டுமா?

வேண்டும். புதிய ஸ்பீக்கர் போட்ட சில வாரங்களில் ‘பர்ர்’ என்று கிழிந்த ஒலி வருவதாகச் சொல்லிக் கொண்டுவரப்பட்ட வண்டிகளில், நான் பார்த்தவரை, பாதிக்கு மேல் காரணம் இதுதான்.

டேஷ்போர்டு ஸ்பீக்கருக்கு என்று செட்டிலிருந்து தனி வயர் வருவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் கதவுக்குப் போகும் அதே சேனல்தான் கிளை பிரிந்து மேலேயும் வருகிறது. அப்படியென்றால் தவில் ஒலியும் முழுதாக அந்தச் சிறிய கூம்புக்கு வந்துசேரும், அது தாங்காது. அதைத் தடுக்கத்தான் பழைய ஸ்பீக்கரின் சட்டத்திலேயே ஒரு சிறிய கெப்பாசிட்டரைப் பசையால் ஒட்டி, பிளஸ் வயரின் வழியில் இணைத்திருக்கிறார்கள். தாழ்ந்த சுரங்களை அது வடிகட்டிவிடுகிறது. நீங்கள் பழைய ஸ்பீக்கரைக் கழற்றும்போது அந்தக் கெப்பாசிட்டரும் கூடவே வெளியே போய்விடுகிறது; கடைக்காரரும் கவனிப்பதில்லை, நீங்களும் கவனிப்பதில்லை. முதல் நாள் ஒலி பிரமாதமாக இருக்கும், ஏனென்றால் பேஸ் கூடியதுபோல் தோன்றும். பிறகுதான் கூம்பு எல்லை தாண்டி ஆடி ஆடி, அதன் பின்னால் உள்ள கம்பிச்சுருள் (காயில்) உரசத் தொடங்கும்.

கணக்கு எளிது. 1,59,155 என்ற எண்ணை, வெட்ட வேண்டிய ஹெர்ட்ஸையும் ஸ்பீக்கரின் ஓமையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், தேவையான மைக்ரோஃபேரட் கிடைக்கும். மூன்றரை அங்குல 4 ஓம் ஸ்பீக்கரை 400 ஹெர்ட்ஸில் வெட்ட வேண்டுமென்றால் ஏறத்தாழ 100 மைக்ரோஃபேரட். 300 ஹெர்ட்ஸ் என்றால் 133. ட்வீட்டராக இருந்து 4,000 ஹெர்ட்ஸில் வெட்ட வேண்டுமென்றால் 10 மைக்ரோஃபேரட். ஒற்றைக் கெப்பாசிட்டர் கத்தியால் வெட்டியதுபோல் வெட்டாது. அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 6 டெசிபெல் வீதம் சரிவாகக் குறைக்கும். அதனால் ஸ்பீக்கர் தாங்கும் எல்லைக்குச் சற்று மேலேயே வெட்டிவிடுவது பாதுகாப்பு.

வாங்கும்போது ‘நான்-போலார், 50 வோல்ட் அல்லது அதற்கு மேல்’ என்று கேளுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் சில்லறையாகவே கிடைக்கும். பிளஸ், மைனஸ் குறி போட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இதற்கு உதவாது. ‘பேஸ் பிளாக்கர்’ என்று ஜோடியாக விற்கப்படுவதும் இதே கெப்பாசிட்டர்தான். வயரும் உறையும் சேர்த்திருப்பார்கள். ட்வீட்டர் வாங்கினால் பெரும்பாலும் வயரிலேயே ஒன்றை வைத்துத்தான் தருகிறார்கள். அப்போது இன்னொன்றைச் சேர்க்க வேண்டியதில்லை.

கதவு ஸ்பீக்கரை மாற்றாமல் இதை மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம். இன்னும் சொல்லப்போனால், கதவு ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருந்தால் இதிலிருந்து தொடங்குவதே குறைந்த வேலை. கதவுத் தகட்டில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுவது மட்டும் பலரும் மறக்கிற ஒன்று. புதிய கதவு ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை அந்த ஷீட்டுக்குக் கொடுத்தால் பழைய ஸ்பீக்கரே உறுதியாக ஒலிக்கும்.

ஒரு எச்சரிக்கை: டொயோட்டா வண்டிகள் சிலவற்றில் செட்டிலிருந்து வரும் வயர் முதலில் டேஷ்போர்டு ஸ்பீக்கரின் கப்ளருக்கு (வயர்களை இணைக்கும் பிளக்) வந்து, அங்கிருந்து திரும்பிக் கதவுக்குப் போகிறது. அந்தக் கப்ளரைக் கழற்றிவிட்டுப் புதிய ஸ்பீக்கரை இரண்டு வயரில் இணைத்தால் கதவு ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். கப்ளரில் இரண்டுக்குப் பதில் நான்கு பின்கள் இருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கென்றே விற்கும் இணைப்பு வயரை வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

நானே கழற்றலாமா? ஏர்பேக் வெடித்துவிடுமா?

கிரில்லை மட்டும் தூக்கிச் செய்யக்கூடிய வண்டியாக இருந்தால் நீங்களே செய்யலாம்; இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு காலைப்பொழுது போதும். முன்கண்ணாடித் தூணின் உறையைக் கழற்ற வேண்டியிருந்தால், அதற்குள் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். உறையில் ஏர்பேக் என்ற முத்திரை இருக்கும். இருந்தால் அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவது நல்லது. மஞ்சள் உறையிட்ட வயரும் மஞ்சள் கப்ளரும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடக்கூடாது, அவற்றில் மல்டிமீட்டரை வைக்கவும் கூடாது. எந்த வண்டியானாலும் முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய நேரம் வேண்டும் என்பதே காரணம். எவ்வளவு நேரம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

காலை வேளையில், டேஷ்போர்டு மிதமான சூட்டில் இருக்கும்போது கிரில்லைத் தூக்குங்கள். மலைப்பகுதிக் குளிரில் பிளாஸ்டிக் கிளிப் பட்டென்று உடையும். நடுப்பகல் சூட்டில் கிரில்லே வளையும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் டேஷ்போர்டில் வடு விழும். பிளாஸ்டிக் ட்ரிம் டூல் மலிவானதுதான். அதுவும் இல்லையென்றால் பழைய ஏடிஎம் அட்டையில் துணி சுற்றி நெம்பலாம். தானியங்கி ஏசி உள்ள கார்களில் கிரில்லின் மேலோ அருகிலோ வெயிலை உணரும் சிறிய கறுப்புக் குமிழ் ஒன்று இருக்கும். கிரில்லைத் தூக்கியவுடன் இழுத்துவிடாமல், அடியில் வயர் வருகிறதா என்று பார்த்து, அதன் கப்ளரைக் கழற்றிய பிறகே எடுக்க வேண்டும்.

கிரில்லை எடுத்தவுடன், ஸ்பீக்கரைத் தொடுவதற்கு முன்பே, பனி நீக்கும் காற்று வரும் நீண்ட இடுக்கை ஒரு துணியால் மூடுங்கள். நான் மூடவில்லை. நான்காவது திருகு கையிலிருந்து நழுவி, ‘டிணிங்’ என்று ஓசையெழுப்பிக்கொண்டு அந்த இடுக்கினுள் போனது. காந்த முனைக் கம்பியை விட்டுத் துழாவித் துழாவி அதை வெளியே எடுக்க ஸ்பீக்கர் மாற்றியதைவிட அதிக நேரம் ஆனது. எடுக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது என்னை நலம் விசாரித்திருக்கும்.

வயரை வெட்டி இணைப்பதுதான் உறுதி என்கிறார் கடைக்காரர். சரியா?

அவருக்கு அது வேகமான வழி. உங்களுக்கு அது நல்ல வழியல்ல. கம்பெனி கப்ளருக்குப் பொருந்தும் அடாப்டர் வயர்கள் பல வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற உதிரிபாகக் கடைவீதிகளில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், பழைய ஸ்பீக்கரின் பக்கமுள்ள முனையை வெட்டி எடுத்து, புதிய ஸ்பீக்கரோடு பற்றவைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பக்கமுள்ள வயர் முழுதாக இருக்க வேண்டும் என்பதே இதில் விதி.

உறவினர் ஒருவரின் காரில் ஒரு கடையில் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். இரண்டு கோடை கழிந்ததும் டேப்பின் பசை உருகி வழிந்து, முறுக்கிய வயர் வெளியே தெரிந்தது. கார் ஒரு மேட்டில் ஏறும்போது அது தகட்டில் பட்டுச் செட்டே அணைந்துவிட்டது. கார் செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் வண்டியின் எர்த் அல்ல. இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கிறது. எந்த வயர் வண்டியின் உலோக உடம்பில் பட்டாலும் செட்டுக்குக் கேடுதான். டேப்புக்குப் பதிலாக ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டு, அதன்மேல் துணி டேப் சுற்றினால் வெயிலையும் தாங்கும், ஆடி ஓசையெழுப்பவும் செய்யாது.

வாரண்டிக்கும் இதுவே விடை. மின் பாகத்தில் ஏதாவது பழுது வந்து சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, வெட்டிய வயர் ஒன்று கண்ணில் பட்டால் பேச்சு அங்கேதான் நிற்கும். கப்ளர் முழுதாக இருந்தால் பழைய ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டே போகலாம்.

பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் என்ன ஆகும்?

எரிந்துபோகாது, ஆனால் ஒலி விநோதமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். நடுவில் கேட்க வேண்டிய குரல் இரண்டு காதுக்கும் பின்னால் எங்கோ ஒளிந்துகொள்ளும். எந்த முனை எதுவென்று தெரியாவிட்டால், கெப்பாசிட்டர் இல்லாத முழு ஸ்பீக்கரின் முனைகளில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் பட்ட முனையே பிளஸ். ட்வீட்டரை இப்படிச் சோதிக்க வேண்டாம். அதன் காயில் மயிரிழை போன்றது.

எல்லாம் சரியாகச் செய்தேன். இப்போது ஒலி காதைக் குத்துகிறது. ஏன்?

கண்ணாடிதான் காரணம். மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி உங்களுக்கு இரண்டு வழிகளில் வருகிறது. நேராக ஒன்று, முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஒன்று. இரண்டாவது வழி 10 சென்டிமீட்டர் நீளமாக இருந்தால், ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்பதால், 1,700 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். அதன் இருமடங்கில், 3,400-ஐ ஒட்டி, ஒன்றையொன்று கூட்டும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் 2,000 முதல் 5,000 வரைதான். நாதஸ்வரத்தின் சீறலும் ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகளின் கூர்மையும் அங்கேயும் அதற்குச் சற்று மேலேயும்தான் குடியிருக்கின்றன. மங்கலான பழைய ஸ்பீக்கர் இதை மறைத்து வைத்திருந்தது. புதியது உள்ளதை உள்ளபடி சொல்கிறது.

செட்டில் ட்ரெபிளைக் கூட்டி வைத்திருந்தால் முதலில் அதைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மங்கிய ஸ்பீக்கருக்காகக் கூட்டியதைப் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஈக்குவலைசரில் பல பட்டைகள் இருந்தால் 2,500 முதல் 4,000 வரை இரண்டு மூன்று டெசிபெல் குறைத்துப் பாருங்கள். உலோகக் குவிமாட ட்வீட்டரைவிடப் பட்டுத் துணிக் குவிமாடம் இந்த இடத்தில் இதமாக இருக்கும் என்பதை வாங்கும்போதே நினைவில் கொள்ளலாம். செட்டில் டைம் அலைன்மென்ட் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் வலப்பக்க ஸ்பீக்கர் அருகிலும் இடப்பக்கம் அரை மீட்டர் கூடுதல் தொலைவிலும் இருக்கும். வலப்பக்கத்தை ஏறத்தாழ ஒன்றரை மில்லி நொடி தாமதப்படுத்தினால் குரல் உங்கள் எதிரே வந்து நிற்கும். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலி மிகவும் சத்தமாக வருகிறதே?

பல புதிய கார்களில் அந்த ஒலியும், கைப்பேசி உரையாடலும் முன் ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வருகின்றன. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி கூடினால் அவையும் கூடும். செட்டின் அமைப்புகளில் அவற்றுக்குத் தனி ஒலியளவு இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். இதே காரணத்தால்தான் முன் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பின் ஸ்பீக்கரை மட்டும் வைத்து ஓட்ட வேண்டாம் என்கிறேன். எச்சரிக்கையே கேட்காமல் போகும்.

தனி ஆம்ப் கட்டாயமா?

இல்லை. கம்பெனி செட்டிலேயே நன்றாக ஒலிக்கும். ஆம்ப் வைத்தால் டேஷ்போர்டுக்கும் கதவுக்கும் தனித்தனிச் சேனல் கொடுத்து, கெப்பாசிட்டர் இல்லாமலே துல்லியமாகப் பிரிக்கலாம். ஆனால் அது வேறு செலவு, வேறு வேலை, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர் இழுக்க வேண்டும்.

எலக்ட்ரிக் காரிலும் இதே முறைதானா?

இதே முறைதான். அதிலும் செட்டுக்கு 12 வோல்ட் பேட்டரிதான் மின்சாரம் தருகிறது. ஆரஞ்சு நிற வயர் எங்கே கண்ணில் பட்டாலும் அது உயர் மின்னழுத்தம். அதன் அருகே கை போகக்கூடாது. எஞ்சின் ஓசை இல்லாததால் நல்ல ஸ்பீக்கரின் அருமை இங்கே கூடுதலாகத் தெரியும், கிளிப் சரியாக உட்காராத கிரில்லின் கடகடப்பும் கூடுதலாகத் தெரியும். கிரில்லின் விளிம்பிலும் ஸ்பீக்கர் சட்டத்தின் அடியிலும் மெல்லிய ஃபோம் டேப்பை ஒட்டிவிட்டு மூடுங்கள்.

பழைய ஸ்பீக்கர்களை எறிந்துவிடலாமா?

எறிய வேண்டாம். வண்டியை விற்கும்போது புதியவற்றைக் கழற்றிக்கொண்டு பழையவற்றை மாட்டிக் கொடுக்கலாம். வாங்குபவர் புதியதுக்கென்று கூடுதலாக ஒன்றும் தரப்போவதில்லை. கெப்பாசிட்டரைப் பிடுங்காமல், திருகுகளை ஒரு சிறிய உறையில் போட்டு, எது இடம், எது வலம் என்று எழுதி, புதிய ஸ்பீக்கர் வந்த பெட்டியிலேயே வைத்துப் பரணில் போட்டுவிடுங்கள். விபூதியைத் தட்டிவிட்டு வைப்பது உங்கள் விருப்பம்.